முள்ளுக்கத்திரியும் ப்ளஸ் டூ உயிரியலும்

உயிரியல் வகுப்பில் குரூப் ஆக்டிவிட்டி என்றாலே சார்ட் பேப்பர்தான். கையெழுத்து அழகாக இருக்கிற பிள்ளை எழுதும், படம் வரையத் தெரிந்தது செல் வரையும், மீதிப் பேர் ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு அரட்டை. போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால் முடிந்தது கூட்டுக் கற்றல்!

விடை புத்தகத்திலேயே இருக்கிற கேள்வியைக் குழுவுக்குக் கொடுக்கவே கூடாது என்பது என் கட்சி. அதற்கு நன்றாகப் படிக்கிற ஒரு பிள்ளை போதும், மற்ற ஐந்து பேர் எதற்கு?

நான் பாடம் எடுப்பது வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு ஊர்ப் பக்கம். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய இலவம்பாடி முள்ளுக்கத்திரி எங்களுக்குப் பக்கத்து வயல். சூழ்நிலையியல் பாடத்தில் வழக்கமான சப்பாத்திக்கள்ளி உதாரணத்தை ஓரமாக வைத்துவிட்டு, "கத்திரிக்கு முள் எதுக்கு?" என்று குழுக்களிடம் விட்டேன். ஆடு மாடு மேயாமல் இருக்க என்று ஒரே குரலில் பதில். எப்போதும் பாஸ் மார்க்கில் தத்தளிக்கிற பையன் ஒருவன், கத்திரி போடுகிற வீடு, எழுந்தான்: "புழுவ எங்க மிஸ் தடுக்குது? குருத்துலயே பூந்துடுது. குருத்து தொங்கினா எங்கப்பா கிள்ளிப் போட்டுடுவாரு."

அவன் சொன்னது தண்டையும் காயையும் துளைக்கிற துளைப்பான் புழுவை. அவ்வளவு பொடிப் புழுவுக்கு இரண்டு முள்ளுக்கு நடுவே ராஜபாட்டை. அன்றைக்கு முதல் மார்க் வாங்குகிற பெண் அவனிடம் சந்தேகம் கேட்டாள். முள் உள்ள ரகத்திலும் இல்லாத ரகத்திலும் தொங்கிய குருத்தை எண்ணலாம் என்று முடிவானது. "ஒரு வயல்ல மருந்து அடிச்சிருந்தா கணக்கு தப்பாயிடுமே?" என்றாள் இன்னொருத்தி. சோதனையில் ஒப்பீடு எப்படி இருக்க வேண்டும் என்று நான் நடத்தாமலே வந்து விழுந்தது. விடை இன்னும் இழுபறிதான், சண்டை ஓயவில்லை.

1971-ல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், வெள்ளை, கறுப்பினப் பிள்ளைகளை ஒரே பள்ளியில் சேர்த்தபோது வகுப்பில் ஒரே பகை. எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் பாடத்தைத் துண்டு போட்டு ஆளுக்கொன்று கொடுத்தார். அடுத்தவன் துண்டு கிடைக்காமல் பாடம் முழுசாகாது. எங்கள் வகுப்பில் அந்தத் துண்டு கத்திரித் தோட்டத்திலிருந்து வந்தது. ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பிள்ளைகளுக்குத் தோல் பதனிடும் குரோமியமும் பாலாறும் இருக்கிறது, வேலூர் டவுனில் கோட்டை அகழிப் பாசி இருக்கிறது.

நீட் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயம்தான். ஆனால் வகுப்பில் நீட் எழுதுகிறவர்கள் எத்தனை பேர்? மற்றவர்களுக்கும் இதே உயிரியல்தானே.

தியரி 70, பிராக்டிக்கல் 20, அகமதிப்பீடு 10. அந்தப் பத்தைப் பெரும்பாலும் எல்லோருக்கும் அப்படியே தூக்கிக் கொடுத்துவிடுகிறோம். அதில் இரண்டை, நல்ல கேள்வி கேட்ட குழுவுக்கு என்று ஒதுக்கினால் என்ன? வகுப்பில் சத்தம் வரும், ஹெச்.எம். எட்டிப் பார்ப்பார். பார்க்கட்டும், அவருக்கும் ஒரு கத்திரிச் செடியைக் கொடுத்து உட்கார வைப்போம்.