எண்ணூரில் எண்ணெய் மிதந்தபோது இயக்குநர் குழுவை யார் கேட்டார்கள்?

2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் மழையில் சென்னை மணலியில் சிபிசிஎல் என்ற பொதுத்துறை எண்ணெய் நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலை வளாகத்திலிருந்த எண்ணெய், வெள்ளத்தோடு பக்கிங்காம் கால்வாயில் கலந்து எண்ணூர்க் கழிமுகம்வரை பரவியது. வலையும் படகும் கறுத்துப்போன மீனவர்கள், பக்கெட்டையும் மக்கையும் வைத்துக்கொண்டு தண்ணீரின் மேல் மிதந்த எண்ணெயை அள்ளினார்கள். கூழைக்கடாக்களின் இறகெல்லாம் கறை. ஆலையின் மழைநீர் மேலாண்மை போதவில்லை என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே சொன்னது.

வாரியத்தைத் திட்டினோம், அரசைத் திட்டினோம். கம்பெனியின் இயக்குநர் குழுவிடம் கணக்குக் கேட்டவர்கள் மிகக் குறைவு. சட்டப்படி முதலில் கேட்க வேண்டியது அவர்களைத்தான் என்பேன்.

2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தில் 166(2) என்று ஒரு பிரிவு இருக்கிறது. கம்பெனி, ஊழியர்கள், பங்குதாரர்கள், சமூகம் ஆகியோரின் நலனுக்காகவும் சுற்றுச்சூழலைப் பாதுகாக்கவும் இயக்குநர் நல்லெண்ணத்துடன் செயல்பட வேண்டும் என்கிறது அது. பிரிட்டனின் சட்டம்கூட, பங்குதாரர் நலனுக்காக உழைக்கும்போது சுற்றுச்சூழலையும் கருத்தில் கொள்ளுங்கள் என்ற அளவில் நின்றுவிடுகிறது. நம் சட்டம் இரண்டையும் ஒரே வரிசையில் வைக்கிறது. 2021இல், அழிந்துவரும் கானமயில் பறவையைக் காக்கத் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றமும் இந்தப் பிரிவைச் சுட்டிக்காட்டியது.

அடுத்த உட்பிரிவு, உரிய கவனத்தோடும் திறமையோடும் கடமையாற்றச் சொல்கிறது. 2015 பெருவெள்ளத்தைக் கண்ட ஊரில், தாழ்வான நிலத்தில் ஆலை நடத்தும் எந்தக் குழுவும் வெள்ளத்தை எதிர்பாராத விபத்து என்று சொல்ல முடியாது. தெரிந்த ஆபத்து அது. ஆனாலும் பல கம்பெனிகளின் ஆண்டறிக்கையைப் புரட்டினால், கம்பெனியின் இருப்பையே அச்சுறுத்தும் இடர் எதுவும் இல்லை எனக் குழு கருதுவதாக ஒற்றை வரி இருக்கும். போன வருடமும் அதே வரி, அதற்கு முந்தைய வருடமும் அதே வரி.

கடமை தவறினால் அபராதம் ஒரு லட்சத்திலிருந்து ஐந்து லட்சம் ரூபாய்வரை. ஒரு சுத்திகரிப்பு ஆலையின் இயக்குநருக்கு இது ஒரு தொகையா? இதைவிட என்னை உறுத்துவது வேறு. 245ஆம் பிரிவின்படி கூட்டாக வழக்குத் தொடுக்கும் உரிமை உறுப்பினர்களுக்கும் (அதாவது பங்குதாரர்களுக்கும்) டெபாசிட்தாரர்களுக்கும்தான். சமூகத்தின் பெயர் கடமையில் இருக்கிறது, வழக்காடும் உரிமையில் இல்லை. எண்ணெய் அள்ளிய மீனவர் இழப்பீட்டுக்காகப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். இயக்குநர் கடமை தவறினார் என்று இந்தப் பிரிவின்கீழ் வழக்குப் போட முடியாது. இதைத் திருத்தியே ஆக வேண்டும்.

பங்கு கையில் இருந்தாலும் வழி எளிதல்ல. பருவநிலை மாற்றத்தின் இடரைச் சரியாகக் கையாளவில்லை என்று ஷெல் எண்ணெய் நிறுவன இயக்குநர்கள்மீது, 27 பங்குகளை வைத்திருந்த கிளையன்ட் எர்த் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு லண்டனில் தொடுத்த வழக்கு 2023இல் தொடக்கத்திலேயே தள்ளுபடியானது. எந்த இடரை எப்படிச் சமாளிப்பது என்பதை இயக்குநர்களே முடிவு செய்யட்டும் என்பது நீதிமன்றத்தின் நிலை. அதில் நியாயம் உண்டு. ஆனால் அந்த இடரைப் பற்றி ஒருநாளாவது உட்கார்ந்து பேசினார்களா என்று நீதிமன்றம் கேட்கலாம், கேட்க வேண்டும்.

அதுவரை பங்குதாரர்கள் கேட்கலாம். ஒரே ஒரு பங்கு இருந்தாலும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பேச உரிமை உண்டு. முன்கூட்டியே பெயரைப் பதிவு செய்துகொண்டு இதைக் கேளுங்கள்: வெள்ளம் வந்தால் ஆலையிலிருந்து என்ன வெளியேறும் என்று குழு கடைசியாக விவாதித்தது எந்தத் தேதியில், அன்று என்ன முடிவு எடுத்தீர்கள்?