சாவி யார்ட்ட இருக்கு?

ஒரு கோயிலை எத்தனை மணிக்குத் திறப்பாங்கன்னு தெரிஞ்சுக்க எத்தனை பேர் கால்ல விழணும்? நான் கேட்டது பெரிய விஷயமே இல்ல. சிறப்பு தரிசனம் கேக்கல, சிபாரிசு கேக்கல. எப்பத் திறப்பீங்க, எப்பப் பூட்டுவீங்க, இந்த ரெண்டு நேரம் போதும். அதைச் சொல்ல இந்தத் தாமிரபரணிக் கரையில ஒரு ஆள் கிடைக்கல!

பழைய கோயில் பாக்கணும்னு கிளம்பினவங்க எல்லாரும் இதை அனுபவிச்சிருப்பீங்க. வயக்காட்டு வரப்புல நடந்து போய், பூட்டின கம்பிக் கதவைப் பிடிச்சு உள்ள எட்டிப் பாத்துட்டு, வெளியிலேருந்தே கையெடுத்துக் கும்பிட்டுட்டுத் திரும்பியிருப்பீங்க. எனக்கு இந்த ஞாயித்துக்கிழமை வயிறு எரிஞ்சு போச்சு.

மும்பையிலேருந்து சித்தப்பா வந்திருக்காங்க. கல்வெட்டுன்னா அவங்களுக்கு உயிர். முழங்கால் ரெண்டும் தேய்ஞ்சு போச்சு, படியேற முடியல. "ஏடே, நடமாட்டம் இருக்கும்போதே திருவாலீஸ்வரத்தை ஒரு தடவ பாத்துரணும்டே"ன்னு போன்ல சொல்லிக்கிட்டே இருந்தாங்க. அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்துல இருக்கிற சோழர் காலக் கோயில் அது. மூன்றுகை மகாசேனைன்னு ஒரு படை, அந்தக் கோயிலையும் பண்டாரத்தையும் (கருவூலத்தையும்) அங்க வேலை செய்யுறவங்களையும் காப்பாத்துற பொறுப்பை ஏத்துக்கிட்டதா அங்க கல்வெட்டு இருக்கு. ஒரு கோயிலுக்கு ஒரு படையே பொறுப்பு! இதை ஞாபகத்துல வச்சுக்கோங்க, பின்னால வருது.

திட்டம் போட உக்காந்தா முதல் தலைவலி மத்தியானம். பன்னிரண்டு மணிக்கு நடை சாத்தினா திரும்பத் திறக்க நாலு, நாலரை ஆகும். அதனால ஒரு நாள்னு நாம நெனைக்கிறது காலையில கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம், அவ்வளவுதான். காலையில திருவாலீஸ்வரம், பிரம்மதேசம், மன்னார்கோயில். சாயங்காலம் திருப்புடைமருதூர், அங்க கோபுரத்துக்குள்ள அஞ்சு நிலையிலயும் சுவர் ஓவியம், குதிரை ஏத்திக்கிட்டு வர்ற கப்பல் கூட அதுல இருக்கு. இவ்வளவுதான் வரிசை. இதுக்கே வேன்காரரோட பேசி, டிபன் எங்க, தண்ணி எங்க, சித்தப்பாவுக்கு மடக்கு நாற்காலி எங்கன்னு எல்லாம் எழுதி வச்சேன்.

உடனே வீட்டு ஆளுங்க ஆரம்பிச்சுட்டாங்க. மைனி, "தம்பி, அப்படியே கழுகுமலையும் பாத்துட்டு வந்துரலாம்லா"ங்காங்க. எப்படியே? கழுகுமலை கோவில்பட்டிப் பக்கம் இருக்கு, நாம போறது அம்பாசமுத்திரத்துக்கு! மேப்புல ரெண்டு விரலை வச்சுப் பாத்தா எல்லாம் பக்கமாத்தான் தெரியும். அதுவும் கழுகுமலையில இருக்கிற வெட்டுவான் கோயில் என்ன, போற வழியில இறங்கி எட்டிப் பாக்கிற இடமா? மலையை மேலேருந்து கீழ குடைஞ்சு, முழுசா முடிக்காம விட்ட 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை. மிருதங்கம் வாசிக்கிற தட்சிணாமூர்த்தி முன்னாலேயே ஒரு மணி நேரம் நிக்கணும். அதுக்குத் தனி நாள் வேணும். அத்தான் ஒரு படி மேல போய், "குத்தாலத்துல ஒரு குளியல் போட்டுட்டுப் போவோம்"னு சொல்லுதாங்க. எல்லாம் ஒரே திருநெல்வேலி ஜில்லான்னு இன்னும் நெனைப்பு. 1986ல தூத்துக்குடி போச்சு, 2019ல தென்காசி போச்சு. மூணு ஜில்லாவை ஒரு பகல்ல சுத்தணுமாம், அதுவும் முழங்கால் வலிக்கிற மனுசனை வச்சுக்கிட்டு.

அதைக்கூட விட்டுடலாம். சொந்தக்காரங்கன்னா அப்படித்தான் இருப்பாங்க.

பிரச்சினை, சித்தப்பா கடைசி நேரத்துல ஆசையாக் கேட்ட இன்னொரு கோயில். பேர் வேண்டாம், ஊரும் வேண்டாம். வயலுக்கு நடுவுல, முன் மண்டபம் பாதி சரிஞ்சு, அதிட்டானம், அதாவது அடித்தளம் முழுக்க கல்வெட்டு எழுத்தா இருக்கிற பாண்டியர் காலக் கோயில். ஒரு நாளைக்கு ஒரே ஒரு கால பூஜை. அது எப்பத் திறந்திருக்கும்னு தேடினேன்.

போன் மேப்புல "24 மணி நேரமும் திறந்திருக்கும்"னு போட்டிருக்கு. எந்தப் புண்ணியவான் போட்டது அது? ராத்திரி ரெண்டு மணிக்கு யாரு திறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா? வீடியோக்கள் பாத்தேன். ட்ரோனைப் பறக்க விட்டு, திகில் இசை போட்டு, "ஆயிரம் வருட மர்மம்!"னு கத்துறாங்க. என்ன மர்மம்? கல்லுல தெளிவா எழுதி வச்சிருக்கான், எந்த ராஜா, எந்த வருஷம், எவ்வளவு நிலம்னு. படிக்கத் தெரியாதவங்களுக்குத்தான் மர்மம். அத்தனை நிமிஷம் பேசினவங்க, "நாங்க இத்தனை மணிக்குப் போனோம், இன்னார் திறந்து விட்டாங்க"ன்னு ஒரு வரி சொன்னா என்ன குறைஞ்சிரும்?

கடைசியில கூட்டாளி மூலமா ஒரு நம்பர் கிடைச்சுது. போட்டேன்.

"கோயிலுங்களா?"

"ஆமா, யாரு?"

"ஞாயித்துக்கிழமை கோயில் திறந்திருக்குமா அண்ணாச்சி?"

"திறப்பாவ."

"எத்தனை மணிக்கு?"

"காலையில."

"காலையில எத்தனை மணிக்கு?"

"காலையில வாங்க, பாத்துக்கிடலாம்."

"ஏழு மணிக்கு வந்தா இருக்குமா?"

"இருக்கும்."

"எட்டு மணிக்கு?"

"எட்டுக்கும் இருக்கும்."

"ஒன்பது மணிக்கு வந்தா?"

"நீங்க வாங்க, அதெல்லாம் இருக்கும்."

வேன், வயசான ஆளு, புள்ளைங்கன்னு எல்லாத்தையும் விளக்கிச் சொன்னேன். "நீங்க தைரியமா வாங்க"ன்னு வச்சுட்டாங்க. அதை நம்பி மத்த கோயில் எல்லாத்தையும் பின்னால தள்ளி, இதை முதல்ல வச்சோம்.

எட்டுக்கு முன்னாலேயே போய் இறங்கினோம். கதவு பூட்டியிருக்கு.

அந்தக் கதவைச் சொல்லணும். கம்பிக் கதவு, அதுல ஆட்டுச் சங்கிலி மாதிரி ஒரு சங்கிலியை ரெண்டு சுத்து சுத்தி, கைப்பிடி அளவு பூட்டு. மழைத் தண்ணி இறங்காம இருக்க அது மேல எண்ணெய்த் துணியைச் சுத்திக் கட்டி வச்சிருக்காங்க. பூட்டுக்கு அவ்வளவு கவனிப்பு! பக்கத்துல ஒரு அறிவிப்புப் பலகை. சேதப்படுத்தினா சிறை, அபராதம்னு எழுத்தெல்லாம் பளிச்சுன்னு தெரியுது. கோயில் யாரு கட்டினதுன்னு இருந்த பகுதி பேந்து போச்சு. திறக்கும் நேரம்னு ஒரு வரியே கிடையாது, பேந்ததுக்கான தடயம் கூட இல்ல. அதை எழுதவே இல்ல!

எதிர்ல நெல் காயப்போட்டுக்கிட்டிருந்த ஆச்சியைக் கேட்டேன். "சாமி இப்பந்தான விளக்குப் போட்டுட்டுப் போறாவ. வண்டி சத்தம் கேக்கலயா ஒங்களுக்கு?"ன்னாங்க. சாமின்னா பூஜை பண்றவர்; நாங்க வந்த ரோட்டுலதான் அவர் எதிர்ல போயிருக்கார். அவருக்குப் போன் போட்டேன். "நான் அடுத்த கோயிலுக்கு வந்துட்டேங்க, இன்னும் ரெண்டு பாக்கி இருக்கு, இனிமே நாளைக்குத்தான்"னார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரல. ஒரே ஆளை நாலு கோயிலுக்கு ஓட விட்டா அந்த மனுசன் பெட்ரோலுக்குச் சம்பாதிப்பாரா, சாமிக்குப் பூஜை பண்ணுவாரா? "இன்னொரு சாவி வாட்ச்மேன்ட்ட இருக்கும்"னு நம்பர் கொடுத்தார்.

வாட்ச்மேனுக்குப் போட்டேன். "சாவி என்ட்ட இல்லையே, போன மாசமே வாங்கிட்டாவளே." யாரு வாங்கினா? "மேல உள்ளவக." மேல உள்ளவங்க யாரு? ஒரு பேர் சொன்னார். அவருக்குப் போட்டா எடுக்கல. திரும்பப் போட்டா பின்னால மேளச் சத்தம். "நான் வள்ளியூர்ல கல்யாணத்துல நிக்கேன், நீங்க வீட்டுல போய்க் கேளுங்க, குடுத்துட்டுத்தான் வந்திருக்கேன்"னார். வீட்டைத் தேடிப் போனேன். அவங்க வீட்டம்மா கையைத் துடைச்சுக்கிட்டு வந்து கேட்டுட்டு, "சாவியா? அது எப்பவும் அவுக இடுப்புலல்லா கிடக்கும்"னாங்க.

கோயில் இங்க. சாவி வள்ளியூர்ல, கல்யாணப் பந்தியில!

நான் அலைஞ்சு திரும்பி வந்து பாத்தா, சித்தப்பா நாற்காலியைக் கதவை ஒட்டிப் போட்டு, கம்பி இடுக்கு வழியா கையை நீட்டி, வாசலோரத்துக் கல்லைத் தடவிக்கிட்டிருக்காங்க. "ஸ்வஸ்திஸ்ரீ"ன்னு தொடங்குது. விரலை ஒவ்வொரு எழுத்தா வச்சு நகத்துறாங்க. ராஜா பேர் வர ஆரம்பிக்குது, அங்கேயே கல் திரும்பிச் சுவத்தோட உள்ள போயிருது. மிச்சம் அந்தப் பக்கம். கை எட்டல. "யாண்டு தெரிஞ்சா போதும்டே, எந்த மாறன்னு சொல்லிருவேன்"ங்காங்க. யாண்டுன்னா ராஜாவோட ஆட்சி வருஷம், மாறன்னா பாண்டிய ராஜா. ரெண்டு முழம் தள்ளி இருக்கு அந்த யாண்டு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டுது, கோவத்துல.

அந்தக் காலத்துக் கல்வெட்டு எதையாவது எடுத்துப் படிங்க. ஒரு நந்தா விளக்குக்கு, அதாவது அணையாம எரியுற விளக்குக்கு, சாவா மூவாப் பேராடு தொண்ணூறு. அதுக்குத் தினம் உழக்கு நெய். எந்த மன்றாடி (ஆட்டு இடையன்) அளக்கணும், யார் அவனுக்குப் புணை (ஜாமீன்), அத்தனையும் கல்லுல இருக்கும். ஆடு சாகக் கூடாது, வயசாகவும் கூடாது, அதாவது கணக்கு என்னைக்கும் குறையக் கூடாது. கடைசியில இது பன்மாகேஸ்வரர் ரக்ஷை, அதாவது சிவனடியார்கள் காவல்னு ஒரு கையெழுத்து மாதிரி முடிச்சிருப்பாங்க. ஒரு விளக்குக்கு இத்தனை பேர் ஜவாப்தாரி. திருவாலீஸ்வரத்துல ஒரு சேனையே ஜவாப்தாரி. இன்னைக்கு ஒரு சாவிக்கு ஜவாப்தாரி யாருன்னு சொல்ல முடியாதா? ஆயிரம் வருஷத்துக்கு முன்னால நெய் அளவைக் கல்லுல வெட்டத் தெரிஞ்ச ஊர்ல, இன்னைக்கு "காலை 7 முதல் 9 வரை, சாவிக்கு இந்த எண்"ணுன்னு பெயிண்ட்ல எழுத ஆள் இல்லையா? ஒரு சின்ன டப்பா பெயிண்ட், ஒரு பிரஷ். ஊர்ல கட்சிக் கொடிக் கம்பத்துக்கு வருஷா வருஷம் அடிக்கிற பெயிண்ட்ல மிச்சம் இருந்தாலே போதும்.

பூட்டாதீங்கன்னு நான் சொல்லல. பூட்டத்தான் வேணும். சிலை திருடுற நாட்டுல பூட்டாம என்ன செய்ய? தூண்ல காதலர் பேரைக் கீறி வைக்கிறவங்களைப் பாத்தா நானே ரெண்டு பூட்டு போடுவேன். ஆனா பூட்டினவங்க எப்பத் திறப்பாங்கன்னு சொல்லணும். ஆசையா வர்ற பத்துப் பேர் பூட்டைப் பாத்துத் திரும்பிப் போனா, பதினொண்ணாவது ஆள் வரமாட்டான். யாரும் வரலன்னா, கோயில் மேல முளைக்கிற அரசங்கன்னை யாரு பாத்துச் சொல்லுவா? வேர் விமானத்தைப் பிளந்த பிறகு பேப்பர்ல படம் போட்டு என்ன பிரயோஜனம்?

அப்புறம் என்ன, திருவாலீஸ்வரம் போய்ச் சேரும்போது பதினோரு மணிக்கு மேல. சித்தப்பா விமானத்துல இருக்கிற ஆடவல்லானை, அதான் நடராஜரை, அண்ணாந்து பாத்தாங்க, கழுத்து வலிக்குதுன்னு கூடச் சொல்லல. அது ஒண்ணுதான் நிம்மதி. பிரம்மதேசம் போகும்போது பன்னிரண்டு தாண்டிட்டுது. சேர மன்னன் ராஜசிம்மன் கட்டி, ராஜேந்திர சோழ விண்ணகர்னு பேர் வச்ச மன்னார்கோயிலை வெளியிலேருந்துதான் பாத்தோம். வேன்காரர் வெயிட்டிங் கணக்கு எழுத ஆரம்பிச்சுட்டார். மைனி பின் சீட்டுலேருந்து, "இதுக்குக் கழுகுமலை போயிருக்கலாம்"னாங்க. எனக்குப் பதில் சொல்லத் தெம்பே இல்ல.

சரி, டீயாவது குடிப்போம்னு ரோட்டோரம் நிறுத்தினோம். எல்லாருக்கும் டீ, வடை. காசு கொடுக்கிறேன், அதுல நாலு பத்து ரூபா நாணயம். கடைக்காரர் அதைத் தனியா ஒதுக்கி என் பக்கமே தள்ளுதார். "இது இங்கன செல்லாது தம்பி." செல்லாதா? ரிசர்வ் வங்கி 2018லேயே சொல்லியாச்சு, பதினாலு வடிவத்துல வந்திருக்கு, அத்தனையும் செல்லும்னு. சொன்னா, "அதெல்லாம் சரி, நாளைக்கு நான் கொடுத்தா யாரு வாங்குவா?"ங்கார். பஸ்ல வாங்க மாட்டாங்க, காய்கறிக்கடையில வாங்க மாட்டாங்க, ஆனா மிச்சம் தரும்போது மட்டும் நமக்கு இதையே கொடுப்பாங்க! அரசாங்கம் அடிச்ச காசை வாங்க மாட்டேன்னு சொல்ல இவங்களுக்கு யாரு அதிகாரம் கொடுத்தது? எங்க வீட்டு டப்பாவுல இந்த நாணயமே கிலோக்கணக்குல கிடக்கு. உங்க ஊர்ல எந்தக் கடையிலாவது வாங்குறாங்களா, சொல்லுங்க, நான் பஸ் ஏறி வந்து மாத்திக்கிடுதேன்.