சேரும் வரைக்கும்தான் மரியாதையா?

நான் படித்த பல்கலைக்கழகம் தன் வெப்சைட்டை அடியோடு மாற்றியிருக்கிறது. பெயரைச் சொல்லப்போவதில்லை, படிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு அது தங்கள் பல்கலைக்கழகம் என்றே தோன்றும். உள்ளே போனதும் டிரோனில் எடுத்த வீடியோ ஓடுகிறது. கட்டடம், நூலகம், புல்தரை, சிரித்துக்கொண்டே நடந்து போகும் பிள்ளைகள். ஓரத்தில் சாட் பெட்டி, கீழே வாட்ஸ்அப் பட்டன். அட்மிஷன் பக்கத்தில் போன் நம்பரைப் போட்டால் சூட்டோடு சூடாக ஒருவர் அழைத்து, என்ன குரூப், எவ்வளவு மார்க், ஹாஸ்டல் வேண்டுமா என்று அவ்வளவு கனிவாகக் கேட்கிறார். சாயங்காலம் இன்னொரு அழைப்பு, மறுநாள் மெசேஜ்.

சரி, நான் சேர வந்தவன் இல்லை. அங்கே படித்து முடித்துவிட்டு வெளியே வந்தவன். எனக்கு வேண்டியது டிரான்ஸ்கிரிப்ட், அதாவது எல்லா செமஸ்டர் மார்க்கையும் சேர்த்துப் பல்கலைக்கழகம் தரும் சான்று. அதற்கான லிங்கைத் தேடிப் பிடித்து அமுக்கினால் அது பழைய வெப்சைட்டில் கொண்டுபோய் விடுகிறது. இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் பார்த்தால் நன்றாகத் தெரியும் என்று அடியில் இன்னும் எழுதியிருக்கிறது; அந்த பிரவுசரின் கடைசிப் பதிப்பையே மைக்ரோசாஃப்ட் 2022 ஜூனில் கைவிட்டுவிட்டது. அங்கே ஒரு பிடிஎஃப், யாரோ கோணலாக ஸ்கேன் செய்து ஏற்றிய விண்ணப்பம், கட்டணம் எழுதியிருக்கும் இடம் பாதி வெட்டுப்பட்டிருக்கிறது. அதை பிரிண்ட் எடுத்து, பேனாவில் நிரப்பி, டிடி எடுத்து, எல்லா செமஸ்டர் மார்க் ஷீட்டின் ஜெராக்ஸையும் சேர்த்து, சொந்த விலாசம் எழுதிய கவரோடு அனுப்ப வேண்டுமாம். அதே வெப்சைட்டின் இன்னொரு மூலையில், டிடி வேண்டாம், ஆன்லைனில் கட்டுங்கள் என்று ஒரு சுற்றறிக்கை. எது புதியது? இரண்டிலும் தேதி இல்லை.

ஆன்லைனில் கட்டினேன். அக்கவுண்டில் இருந்து பணம் போனது, பக்கம் அப்படியே நின்றது, போர்ட்டலில் கட்டணம் செலுத்தப்படவில்லை என்றே காட்டுகிறது. வங்கியில் கேட்டால் பணம் உங்கள் பல்கலைக்கழகத்தின் கணக்கில் சேர்ந்துவிட்டது என்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் போனை எடுக்க ஆளில்லை. இப்படிப் பாதியில் நின்ற பணம் ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் ஈடு கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019லேயே சொல்லியிருக்கிறது. ஆனால் பணம் போய்ச் சேர்ந்துவிட்டதே, அப்புறம் வங்கி எதைத் திருப்பும்?

இதில் எனக்குக் கோபம் வருவதே இது தீர்க்க முடியாத சிக்கல் இல்லை என்பதால்தான். நான் ஐடியில் வேலை பார்க்கிறேன், இது எப்படி நடக்கிறது என்று தெரியும். பணம் வந்ததும் பேமெண்ட் கேட்வே, அதாவது நடுவில் நின்று பணத்தை வாங்கிக் கொடுக்கும் சேவை, நம்மைத் திரும்ப அந்த வெப்சைட்டுக்கு அனுப்புகிறது. அந்த நேரத்தில் நெட் போனாலோ, பக்கம் நின்றாலோ போர்ட்டலுக்கு விஷயம் தெரியாது. அதனால்தான் ஒழுங்காகச் செய்கிறவர்கள் நம் பிரவுசரை நம்பாமல், கேட்வேயின் சர்வரிடம் தங்கள் சர்வரையே நேராகக் கேட்க வைக்கிறார்கள், ராத்திரியில் அன்றைய வரவையும் விண்ணப்பங்களையும் ஒருமுறை ஒத்துப்பார்க்கிறார்கள். ரயில் டிக்கெட் போடுகிற இடத்திலும் கரண்ட் பில் கட்டுகிற இடத்திலும் இதுதான் நடக்கிறது. இங்கே அந்த வேலை ஒரு செக்‌ஷன் கிளார்க்கின் தலையில் விழுகிறது. அவர் வங்கி ஸ்டேட்மெண்டை பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக டிக் அடிக்கிறார். நேரில் போனபோது பார்த்தேன். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. பக்கத்து இரண்டு மேஜைகளில் ஆளே இல்லை, இரண்டு பேர் வேலையையும் அவர்தான் பார்க்கிறார். அவருக்கு ஒரு நல்ல சாஃப்ட்வேர் வாங்கிக் கொடுக்கப் பணம் இல்லையாம், டிரோன் பறக்கவிடப் பணம் இருக்கிறது.

நான் பரவாயில்லை, லீவு போட்டுவிட்டு பஸ் ஏறிப் போய் நிற்க முடிந்தது. துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறவன் என்ன செய்வான்? அவனுக்காக அவன் அப்பா அதிகாரக் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, காலை பஸ்ஸில் வந்து, எந்த பிளாக், எந்த மாடி என்று தெரியாமல் அலைகிறார். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெரியவர் அப்படி வந்தவர்தான். மகனுக்கு வெளிநாட்டில் குடியேறும் விண்ணப்பத்துக்குப் படிப்பை மதிப்பிட வேண்டும், அதற்கு டிரான்ஸ்கிரிப்டைப் பல்கலைக்கழகமே நேரடியாக அந்த நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும், கையில் கொடுத்தால் ஏற்க மாட்டார்கள். இதை அந்தப் பெரியவர் கவுண்டரில் எப்படி விளக்குவார்? அரசு வேலை கிடைத்தவர்கள், பட்டம் போலி இல்லை என்று பல்கலைக்கழகம் தரும் உண்மைத்தன்மைச் சான்றுக்காகக் காத்திருக்கிற கதை தனி. பணியில் சேர்ந்த பிறகும் அந்தக் காகிதம் வராமல் தகுதிகாண் பருவம் முடித்த ஆணைக்கு நடையாய் நடக்கிற ஆசிரியர்களை எனக்கே தெரியும்.

அங்கே உண்மையில் விவரம் தெரிந்த ஒரே ஆள் கேட்டுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவர். எந்த ஃபார்ம் நடப்பில் இருக்கிறது, எந்த கவுண்டர் எத்தனை மணிக்கு மூடும், பணம் மாட்டிக்கொண்டால் யாருக்கு மெயில் போடவேண்டும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. காசு வாங்கிக்கொண்டு ஆன்லைன் ஃபார்மையும் அவரே நிரப்பித் தருகிறார். அவர் வாயால் சொல்வதை அப்படியே எழுதி வெப்சைட்டில் ஒரு பக்கமாகப் போட்டிருந்தால் அன்றைக்கு அந்த வரிசையில் பாதிப் பேர் வந்திருக்கவே மாட்டார்கள். இதற்கு ஏஜென்சி வேண்டுமா, டெண்டர் வேண்டுமா?

செய்ய முடியாது என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள். இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்கு மாநிலம் முழுவதிலும் இருந்து குடும்பம் குடும்பமாகக் கிண்டிக்கு வந்து இறங்கிய காலம் ஒன்று இருந்தது. 2018ல் அதை ஆன்லைனுக்கு மாற்றினார்கள், இன்று கன்னியாகுமரிப் பிள்ளை வீட்டில் உட்கார்ந்தபடி சாய்ஸ் போடுகிறது. பட்டங்களையும் மார்க் ஷீட்டுகளையும் டிஜிட்டலாக வைக்க நேஷனல் அகாடமிக் டெபாசிட்டரி 2017லேயே வந்துவிட்டது, இப்போது அது டிஜிலாக்கர் என்ற அரசின் டிஜிட்டல் ஆவணப் பெட்டகம் வழியாக இயங்குகிறது. டிஜிலாக்கரில் வழங்கப்படும் ஆவணம் அசலுக்குச் சமம் என்று 2016 விதிகளே சொல்கின்றன. ஆனால் என் பேட்ச் அதில் இல்லை. சமீபத்தில் முடித்தவர்களுக்கு ஏற்றியிருக்கிறார்கள், அதிலும் இனிஷியல் தகராறு. ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் இருக்கும், மார்க் ஷீட்டில் ஒற்றை எழுத்து முன்னால் இருக்கும், பெயர் ஒத்துப்போகவில்லை என்று ஆவணம் வராது. நம் ஊரில் கிட்டத்தட்ட எல்லாருக்கும் இருக்கிற பெயர் முறை இது! இதற்கு ஒரு வழி செய்யாமல் டிஜிட்டல் கேம்பஸ் என்று பேனர் வைக்க எப்படி மனசு வருகிறது?

கல்லூரியில் என்னோடு படித்த நண்பன் ஒருவனுக்குப் பார்வை கிடையாது. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்கிற ஸ்கிரீன் ரீடர்தான் போனில் அவனுக்குக் கண். இவர்கள் ஏற்றுகிற சுற்றறிக்கைகள் எல்லாம் ஸ்கேன் செய்த படங்கள், அவன் போனுக்கு அது வெற்றுக் காகிதம். தமிழில் இருக்கிற சில பக்கங்களோ இன்னும் பழைய எழுத்துருவில் கிடக்கின்றன, வாசிக்கவிட்டால் அர்த்தமில்லாத எழுத்துகளாகக் கொட்டுகிறது. தமிழுக்கு எல்லாக் கருவியிலும் ஒரே மாதிரி வாசிக்க முடிகிற யூனிகோடுதான் என்று தமிழ்நாடு அரசு 2010லேயே ஆணை போட்டாயிற்று. 2016ல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் வந்தாயிற்று. தேர்வுக் கட்டணத்துக்குக் கடைசி நாள் எது என்று தெரிந்துகொள்ள அவன் ஒவ்வொரு முறையும் யாரையாவது கெஞ்ச வேண்டியிருந்ததே, அது எவ்வளவு பெரிய அவமானம்!

ஏன் இப்படி என்று யோசித்தால் பதில் அந்தப் புதிய முகப்பிலேயே இருக்கிறது. நாக் என்ற தர மதிப்பீட்டு அமைப்பு கொடுத்த கிரேடு, மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசையில் ரேங்க், கம்பெனிகளின் லோகோ. என்ஐஆர்எஃப் மதிப்பெண்ணில் மற்றவர்கள் நம்மைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதற்கே தனியாக ஓர் இடம் உண்டு, அதனால் வெளியில் தெரிகிற பக்கத்துக்கு ஓடி ஓடி வேலை செய்கிறார்கள். மார்க்கெட்டிங் ஏஜென்சி மாதாமாதம் எத்தனை லீட், அதாவது சேர விசாரித்தவர்களின் நம்பர், வந்தது என்று கணக்குக் காட்டும், துணைவேந்தர் கூட்டத்தில் அது பேசப்படும். ஒரு டிரான்ஸ்கிரிப்ட் கொடுக்க எத்தனை நாள் ஆனது, எத்தனை போன் எடுக்கப்படாமல் போனது என்ற கணக்கை எந்தக் கூட்டத்தில் யார் கேட்கிறார்கள்? முகப்பு ஒரு நிறுவனத்திடம், தேர்வு போர்ட்டல் இன்னொருவரிடம், கட்டணப் பக்கம் மூன்றாமவரிடம். மூன்றுக்கும் வேறு வேறு லாகின்.

நான் கேட்பது பெரிய விஷயம் எதுவும் இல்லை. தேர்வுப் பிரிவுப் பக்கத்தை முதலில் சரிசெய்யுங்கள். கட்டணம் எவ்வளவு, எத்தனை நாள் ஆகும், என் விண்ணப்பம் இப்போது யார் மேஜையில் இருக்கிறது, இதை போனில் பார்க்கிற மாதிரி தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்தாகப் போடுங்கள். ஒவ்வொரு சுற்றறிக்கையிலும் தேதி போடுங்கள், பழையதை எடுத்துவிடுங்கள். அட்மிஷனுக்கு அழைக்க உட்கார வைத்திருக்கிறீர்களே ஒரு கூட்டம், அதில் இரண்டு பேரை தேர்வுப் பிரிவு போனுக்கு மாற்றுங்கள். பழைய பேட்ச் பதிவேடுகளை ஸ்கேன் செய்து டிஜிலாக்கரில் ஏற்ற ஒரு வருட விளம்பரக் காசை ஒதுக்குங்கள். உங்களுக்கு அதுதான் விளம்பரம். எங்கள் ஊரில் யாரும் டிரோன் வீடியோ பார்த்துப் பிள்ளையைச் சேர்ப்பதில்லை, அங்கே படித்த அண்ணனையும் அக்காவையும் வீடு தேடி வந்து கேட்டுவிட்டுத்தான் சேர்க்கிறார்கள்.

என் சித்தி மகள் இந்த வருடம் பிளஸ் டூ. அந்தக் கனிவான குரல்கள் அவள் நம்பருக்கும் வர ஆரம்பித்துவிட்டன. சித்தி என்னிடம் அபிப்பிராயம் கேட்டார். எந்தக் கல்லூரியாக இருந்தாலும் சரி, முகப்பைப் பார்க்காதீர்கள், ரீவேல்யூவேஷனுக்கும் டிரான்ஸ்கிரிப்டுக்கும் எப்படி விண்ணப்பிப்பது என்று அந்த வெப்சைட்டில் தேடிப் பாருங்கள், தேர்வுப் பிரிவுக்கு ஒரு போன் போட்டு யாராவது எடுக்கிறார்களா என்று பாருங்கள், அப்புறம் பணம் கட்டுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். நான் படித்த இடத்துக்கு சித்தி போன் போட்டுப் பார்த்தார். மணி அடித்துக்கொண்டே இருந்ததாம். அந்தப் பெயரை லிஸ்ட்டில் இருந்து எடுத்துவிட்டார்கள்.