துண்டுக்குள் பேசிய விலை

போச்சம்பள்ளி சந்தையில் மாடு பிடித்தவர்களுக்குத் தெரியும். தரகர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இரண்டு கைகளையும் மூடிவிடுவார். உள்ளே விரலைப் பிடித்துத்தான் விலை. பக்கத்தில் நிற்பவருக்குக் கடைசிவரை தெரியாது. எங்கள் தாத்தா அப்படித்தான் மாடு வாங்கினார்.

அவருடைய பேரன், என் அண்ணன், காவேரிப்பட்டணத்தில் மாங்காய் மண்டி வைத்திருக்கிறார். எந்த மாங்கூழ் ஃபேக்டரிக்கு எத்தனை டன் பெங்களூரா ரக மாங்காய் போனது, என்ன விலைக்குப் போனது, பணம் எப்போது வரும், எல்லாமே மெயிலில்தான் வருகிறது.

போன மாதம் மெயில் நிறைந்துவிட்டது என்று போனை என்னிடம் கொடுத்தார். அவர் கணக்கை எந்தெந்த ஆப் பார்க்கலாம் என்ற பட்டியலைத் திறந்தேன். வேண்டாத மெயிலைக் கழித்துத் தருவதாகச் சொல்லும் ஒரு இலவச ஆப் அதில் இருந்தது. ஆப்பைப் போனிலிருந்து எப்போதோ தூக்கிவிட்டார். மெயிலைப் படிக்கக் கொடுத்த அனுமதி மட்டும் அப்படியே இருந்தது. "நம்ம மெயில்ல என்னடா இருக்கு, மாங்கா பில்லுதானே?" என்றார்.

அண்ணா, அந்த பில்தான் அவர்களுக்கு வேண்டும். அமெரிக்காவில் அன்ரோல்.மீ என்று இதே வேலை செய்யும் ஒரு இலவச சேவை. அதை நடத்திய கம்பெனி, பயனர்களின் மெயிலில் இருந்த லிஃப்ட் என்ற டாக்ஸி கம்பெனியின் ரசீதுகளைப் பெயர் நீக்கி உபெருக்கு விற்றது 2017-ல் வெளியே வந்தது. எதிர்க்கடை வியாபாரம் எப்படிப் போகிறது என்று தெரிந்துகொள்ள உபெர் அதை வாங்கியது. மண்டிக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சரி, மெயில் தரும் கம்பெனிக்கே வருவோம். 2004 ஏப்ரலில் ஜிமெயில் வந்தபோது 1 ஜிபி இடம் கொடுத்தார்கள். ஹாட்மெயிலில் அப்போது 2 எம்பிதான். அவ்வளவு இடம் சும்மா வரவில்லை. மெயிலில் உள்ள சொற்களை இயந்திரம் படித்து, அதற்கேற்ற விளம்பரத்தைப் பக்கத்தில் வைத்தது. விளம்பரத்துக்காக மெயிலைப் படிப்பதை நிறுத்துவதாக 2017-ல் கூகுள் அறிவித்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. ஆனால் அடுத்த ஆண்டே, யாகூ மெயிலை அலசிக் கிடைக்கும் தகவலை விளம்பரதாரர்களுக்கு விற்கும் வேலை நடப்பதாக வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகை எழுதியது. விளம்பரத்தில் பிழைக்கும் கம்பெனி இன்று படிக்காமல் இருக்கலாம். நாளை படிப்பதா வேண்டாமா என்பதும் அவர்கள் முடிவுதானே? என் கோபம் அங்கேதான்.

அனுமதியைக் கொடுப்பது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்று நம் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் எழுதி வைத்திருக்கிறது. அண்ணன் போனில் அந்த அனுமதியைத் தேடிப் பிடிக்க எனக்கே கால் மணி நேரம் ஆனது.

அன்றே அதை நீக்கினேன். அப்புறம், மெயிலுக்குள் வெளியிலிருந்து வரும் படங்கள் தானாகத் திறக்காதபடி அமைப்பை மாற்றினேன். விளம்பர மெயிலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளிப் படம் இருக்கும். மெயிலை எப்போது திறந்தோம் என்று அது அனுப்பியவருக்குச் சொல்லிவிடும்.

மண்டிக் கணக்கைத் தனியாக, விளம்பரமே இல்லாத மெயிலுக்கு மாற்றச் சொன்னேன். சென்னையின் ஜோஹோ இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் புரோட்டான், பெட்டியில் உள்ள மெயிலைத் தானே படிக்க முடியாதபடி பூட்டி வைக்கிறது. இரண்டிலும் இலவசக் கணக்கு உண்டு, காசு கட்டுபவர்களால்தான் கம்பெனி ஓடுகிறது. முழுப் பாதுகாப்பு என்று சொல்லமாட்டேன். எதிர்ப்பக்கம் ஜிமெயிலில் இருந்தால் ஒரு பிரதி அங்கே இருக்கத்தான் செய்யும். இருந்தாலும் பத்து வருட பில் மொத்தமும் ஒரே விளம்பரக் கம்பெனியிடம் குவியாது. காசு கட்டி எடுத்தாலும் வருடத்துக்குச் சில பெட்டி மாங்காய் விலைதான் ஆகும் என்றேன். யோசித்துவிட்டு, காசு கட்டியே எடுத்தார்.

பேங்க், ஆடிட்டர் எல்லாம் மாறிவிட்டது. ஒரு ஃபேக்டரி மட்டும் இன்னும் பழைய முகவரிக்கே பில் அனுப்புகிறது. அங்கே கணக்கு பார்ப்பவரிடம் திங்கட்கிழமை நானே நேரில் போய்ச் சொல்லப் போகிறேன்.