லினக்ஸ் கர்னலுக்குள் நுழைய இடைவெளி திருத்துவதுதான் வழியா?

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலுக்குப் பங்களிக்க வேண்டும், எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கும் மாணவர்களுக்கு எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் ஒரே பதிலைத்தான் தருகிறார்கள். ஸ்டேஜிங் பகுதிக்குப் போ, நிரல் எழுதிய நடையைச் சரிபார்க்கும் செக்பேட்ச் கருவியை ஓட்டு, அது காட்டும் குறைகளில் ஒன்றைத் திருத்தி அனுப்பு. இந்த அறிவுரையில் எனக்குப் பாதிதான் உடன்பாடு. மீதிப் பாதி நல்ல பிள்ளைகளின் உழைப்பை வீணாக்குகிறது.

ஸ்டேஜிங் 2008-இல் வந்தது. தரம் இன்னும் கூடிவராத டிரைவர்களை (வன்பொருள் கருவிகளை இயக்கும் நிரல்களை) வைத்துச் செப்பனிடும் இடம். அங்கே டேப் இருக்க வேண்டிய இடத்தில் ஸ்பேஸ் இருப்பதைத் திருத்தி அனுப்பினால் கர்னல் எப்படி வேலை செய்கிறது என்பது துளியும் புரியாது. ஆனால் நடைமுறை பழகிவிடும். பேட்சை, அதாவது நீங்கள் செய்த மாற்றத்தை, அலங்காரமில்லாத வெறும் எழுத்து மின்னஞ்சலாக அனுப்ப வேண்டும். யாருக்கு அனுப்புவது என்பதைச் சொல்ல ஒரு ஸ்கிரிப்ட் இருக்கிறது. மாற்றம் ஏன் தேவை என்று விளக்கி, கீழே ‘சைன்டு-ஆஃப்-பை’ என்று பெயரிட வேண்டும். அந்த வரியைச் சடங்காக நினைக்காதீர்கள். தங்கள் யூனிக்ஸ் நிரல் லினக்ஸுக்குள் போய்விட்டது என்று எஸ்சிஓ நிறுவனம் 2003-இல் ஐபிஎம் மீது வழக்குப் போட்டது. அதைத் தொடர்ந்து 2004-இல் கொண்டுவந்த ஏற்பாடு இது. இந்த நிரலை அனுப்ப எனக்கு உரிமை உண்டு என்று நீங்கள் தரும் உறுதிமொழி.

இதைப் பழக ஒரு பேட்ச் போதும், மிஞ்சினால் இரண்டு. அதற்கு மேல் அங்கேயே தங்கிவிடுவதைத்தான் வேண்டாம் என்கிறேன். ஒன்பது பத்து வாரங்களுக்கு ஒருமுறை வரும் ஒவ்வொரு பதிப்பிலும் 10,000-க்கு மேற்பட்ட மாற்றங்கள் சேர்கின்றன. முதல் முறையாகப் பங்களிப்பவர்களே 200 பேருக்கு மேல். எழுத ஆள் இருக்கிறார்கள். வந்ததைப் படித்துப் பார்க்கவும் ஓட்டிப் பார்க்கவும்தான் ஆள் பற்றாக்குறை. சுயவிவரத்தில் கமிட் (பதிவான மாற்றம்) எண்ணிக்கையைக் கூட்டுவதற்காக அனுப்பப்படும் இடைவெளித் திருத்தங்கள் ஒவ்வொன்றும் வரும் மாற்றங்களைப் பார்த்துச் சேர்க்கும், ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும் ஒரு பராமரிப்பாளரின் நேரத்தைத் தின்கின்றன.

புதியவரிடம் பராமரிப்பாளரிடம் இல்லாத ஒன்று இருக்கிறது: அவருடைய கணினி. கர்னலின் நிரலில் பாதிக்கு மேல் டிரைவர்கள்தான். அந்த டிரைவர்கள் ஓடும் எல்லாக் கருவிகளையும் யாரும் வீட்டில் வாங்கி வைத்திருக்க முடியாது. புதிய பதிப்பை நிறுவியதும், உறக்கத்திலிருந்து எழுப்பினால் உங்கள் பழைய மடிக்கணினியில் ஒலி வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். முந்தைய பதிப்பில் வந்தது. உங்களுக்கான வேலை அங்கேயே இருக்கிறது.

நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளில் ‘கிட் பைசெக்ட்’ என்று ஒரு கட்டளை உண்டு. நல்ல பதிப்பு எது, கெட்டது எது என்று சொன்னால், இரண்டுக்கும் நடுவிலுள்ள கமிட்டை எடுத்துத் தரும். அதைக் கம்பைல் செய்து, ஏற்றி, கணினியை உறங்கவைத்து எழுப்பி, ஒரு பாட்டைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒலி வந்தால் ‘குட்’, வராவிட்டால் ‘பேட்’. ஒவ்வொரு முறையும் தேட வேண்டியது பாதியாகக் குறைகிறது. 16,000 மாற்றங்கள் இருந்தாலும் 14 சுற்றுக்குள் குற்றவாளி கமிட் சிக்கிவிடும். பழைய கணினியில் முழுக் கர்னலையும் கம்பைல் செய்தால் பொழுது போய்விடும். ‘மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்’ கொடுத்தால் அந்த நேரத்தில் ஏற்றப்பட்டிருக்கும் மாட்யூல்கள் (தேவைக்கேற்ப ஏற்றப்படும் கர்னல் துண்டுகள்) மட்டும் சேரும். அதற்கு முன்பே ஹெட்போன், வைஃபை டாங்கிள் எல்லாவற்றையும் செருகிவிடுங்கள். இல்லாவிட்டால் அவற்றின் டிரைவர்கள் விடுபட்டுப்போகும்.

கமிட் கையில் கிடைத்ததும் அதை எழுதியவருக்கும் பராமரிப்பாளருக்கும் எழுதுங்கள். நேற்றுவரை ஓடியதை இன்றைய மாற்றம் கெடுக்கக் கூடாது என்பதில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் விடாப்பிடியானவர். ஆகவே இத்தகைய புகாருக்கு மதிப்பு அதிகம். எழுதியவர் ஒரு திருத்தத்தை அனுப்பி ஓட்டிப் பார்க்கச் சொல்வார். சரியாகிவிட்டால் ‘ரிப்போர்ட்டட்-பை’, ‘டெஸ்டட்-பை’ வரிகளில் உங்கள் பெயர் கர்னல் வரலாற்றில் ஏறும். அதைவிட முக்கியமாக, அந்த நாற்பது ஐம்பது வரி மாற்றத்தை வரிவரியாகப் படித்திருப்பீர்கள், உங்கள் கணினியில் ஒலி ஏன் நின்றது என்று தெரிந்தே ஆக வேண்டும் என்ற வேகத்தோடு. கர்னல் நிரலைப் படிக்க இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. அடுத்த முறை திருத்தத்தையும் நீங்களே எழுத முயல்வீர்கள்.

தமிழ்வழியில் படித்த சிலர் ஆங்கிலத்துக்குப் பயந்தே ஒதுங்கிவிடுகிறார்கள். எந்தக் கணினி, எந்தப் பதிப்பு, எந்தக் கமிட், என்ன செய்தால் என்ன நடக்கிறது: இவ்வளவுதான் கேட்பார்கள். ஐந்தாறு சின்ன வாக்கியங்கள் போதும். உடன் ‘dmesg’ கட்டளை காட்டும் கர்னல் செய்திப் பதிவை இணைத்தால் மற்றதை அது சொல்லிவிடும்.

கல்லூரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். கமிட் எண்ணிக்கைக்கு மதிப்பெண் போடுவதை நிறுத்துங்கள். ஆய்வகத்தில் தூசி படிந்து கிடக்கும் பழைய கணினிகளைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். ஏற்கெனவே வெளியாகி, பிழைத்திருத்தங்கள் மட்டும் சேரும் நிலைப் பதிப்புகளுக்கான திருத்தத் தொகுப்பு ஏறக்குறைய வாரந்தோறும் வருகிறது. வெளியிடுவதற்கு முன் சோதித்துச் சொல்லுங்கள் என்று சுமார் 48 மணி நேரம் தருகிறார்கள். ஒவ்வொரு குழுவும் ஒரு கணினியில் அதை ஏற்றிப் பார்த்து, ஓடியதா இல்லையா என்று பதில் எழுதட்டும். மதிப்பெண்ணை அந்தப் பதிலுக்குக் கொடுங்கள்.