எந்த வரிசை குறையும்? அதை முதலில் சொல்லுங்கள்

அம்மாவை ஷார்ஜாவுக்கு விமானம் ஏற்றிவிட்டு ஒரு மாதம் ஆகிறது. என் வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

தங்கைக்குப் பேறுகாலம். அம்மாவுக்கு 68 வயது, சர்க்கரை நோய், இரண்டு முழங்காலிலும் தேய்மானம். அன்று கைக்கு எட்டிய விலையில் டிக்கெட் கிடைத்தது எங்கள் குமரி மாவட்டத்திலிருந்து ஓர் இரவு பஸ் பயணத் தொலைவில் உள்ள விமான நிலையத்திலிருந்துதான். "அம்மாவால் நிற்க முடியாதே" என்று நான் தயங்கியபோது டிக்கெட் போட்டுக்கொடுத்த ஏஜென்ட் சொன்னார்: "விரைவு வழி எடுத்துவிடுங்கள். வரிசையே கிடையாது, நேராக விமானம்தான்." 3,000 ரூபாய் கட்டினேன்.

சீருடை அணிந்த ஒரு பையன் வந்தான். நல்ல பையன்தான், அம்மாவின் பையைக்கூட வாங்கிக்கொண்டான். ஆளே இல்லாத நுழைவாயில் வழியாக அழைத்துப்போனான். பெட்டி போடும் இடத்தில் முன்னால் நிறுத்தினான். பாஸ்போர்ட் பார்க்கும் இமிகிரேஷனிலும் அதிக நேரம் ஆகவில்லை. பாதுகாப்புச் சோதனை வரிசை வந்தவுடன், "இதற்குமேல் எங்களுக்கு அனுமதி இல்லை அம்மா" என்று பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். மொத்தக் கூட்டமும் இருந்தது அங்கேதான். அம்மா 50 நிமிடம் நின்றார். முழங்கால் பட்டையில் இருந்த உலோகத் தகட்டுக்குக் கருவி சத்தமிட்டதால் திரைக்குப் பின்னால் இன்னொரு சோதனை. பேரக்குழந்தையின் உடம்பில் தேய்க்க வீட்டில் தேங்காய்ப் பால் காய்ச்சி எடுத்த உருக்கெண்ணெய், அரை லிட்டர் பாட்டில், கைப்பையில் இருந்தது. அதை உள்ளே விடவில்லை. கைப்பையில் எந்தத் திரவமும் 100 மில்லி புட்டிக்கு மேல் போகாது என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், பெட்டியில் வைத்திருக்க வேண்டும். அது என் தவறு. ஆனால் எந்த வரிசைக்காக நான் காசு கட்டினேனோ அந்த வரிசையில் என் அம்மா தனியாக நின்றதற்கு யார் பொறுப்பு? ஏஜென்டைக் கேட்டால், "அந்த இடம் யாருக்கும் விலக்கு இல்லை சார், அது எல்லாருக்கும் தெரியுமே" என்கிறார். தெரிந்தவர் விற்கும்போதே சொல்லியிருக்கலாமே!

விமான நிலையத்தில் இருப்பது ஒரு வரிசை அல்ல. வாசலில் ஒன்று, பெட்டி போட ஒன்று, இமிகிரேஷன் ஒன்று, உடல் சோதனை ஒன்று, ஏறும் வாசலில் ஒன்று, போய் இறங்கும் நாட்டில் மறுபடியும் ஒன்று. விரைவு, துரிதம், பிரீமியம் என்று பெயர் சூட்டி விற்கும் ஒவ்வொன்றும் இவற்றில் ஏதோ ஒன்றிரண்டைத்தான் தொடுகிறது. எதைத் தொடுகிறது என்று மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை.

டிஜி யாத்ரா என்கிற முக அடையாளச் செயலியை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 டிசம்பரில் டெல்லி, பெங்களூரு, வாராணசியில் தொடங்கினார்கள். முகத்தைக் காட்டினால் கதவு திறக்கும், வாசலில் டிக்கெட்டும் அடையாள அட்டையும் நீட்ட வேண்டாம். சரி. ஆனால் அது உள்நாட்டுப் பயணத்துக்கு மட்டும்! வளைகுடாவுக்குப் போகிறவருக்கு அதில் என்ன இருக்கிறது? உள்நாட்டில் போனாலும் மத்திய தொழிற்பாதுகாப்புப் படையினர் தட்டில் பை வைக்கச் சொல்வதும் உடலைத் தடவிப் பார்ப்பதும் அப்படியேதான் இருக்கிறது. மாதம் நான்கு முறை சென்னைக்கும் பெங்களூருக்கும் பறக்கிறவர் வைத்துக்கொள்ளட்டும். ஆண்டுக்கு ஒரு முறை போகிற நான் வாசலில் ஐந்து நிமிடம் மிச்சம் பிடிக்க ஆதாரையும் முகத்தையும் செயலியில் ஏற்ற மாட்டேன்.

டல்லாஸில் இருக்கும் சித்தி மகன் ஒருபுறம் தொலைபேசியில் அரிக்கிறான்: "அண்ணா, குளோபல் என்ட்ரி எடு, அதைவிடச் சிறந்தது எதுவும் இல்லை." அமெரிக்காவுக்குள் விரைவாக நுழையவிடும் அந்தத் திட்டம் அவனுக்குச் சிறந்ததுதான். 2017 முதல் இந்தியர்களும் சேரலாம், ஐந்தாண்டுக்கு 120 டாலர், விண்ணப்பம் தள்ளுபடியானால் அந்தப் பணம் திரும்பாது, நம் பாஸ்போர்ட் சேவை வழியாகப் பின்னணிச் சரிபார்ப்பும் வாங்க வேண்டும். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை ஊருக்கு வந்து திரும்புகிற அவனுக்கு அமெரிக்க இமிகிரேஷன் வரிசை மிச்சம். கூடவே, அங்கே பாதுகாப்புச் சோதனையில் காலணியைக் கழற்றாமல் தனி வரிசையில் போகவிடும் டிஎஸ்ஏ பிரீசெக்கும் கிடைத்துவிடுகிறது. பிரீசெக்கைத் தனியாக எடுக்க அமெரிக்கக் குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ இருக்க வேண்டும். 2025 ஜூலையில் காலணியைக் கழற்றும் விதியையே அங்கே எல்லாருக்கும் எடுத்துவிட்டார்கள், அதனால் பிரீசெக்கின் மவுசும் கொஞ்சம் குறைந்துவிட்டது. கிளியர் என்று தனியார் சேவை ஒன்று உண்டு. ஆண்டுக்கு 200 டாலருக்கு மேல் வாங்கிக்கொண்டு அடையாளம் பார்க்கும் இடத்தைத்தான் தாண்டிவிடும், சோதனைக் கருவியை அல்ல. இதில் எதுவுமே ஷார்ஜா விமானத்துக்கு நிற்கிற என் அம்மாவுக்கு ஒரு நிமிடத்தைக்கூடக் குறைக்காது என்று தம்பியிடம் எத்தனை முறை சொல்வது?

எனக்கு ஆத்திரம் பொங்குவது இதற்கெல்லாம் அல்ல. எங்கள் ஊர்க்காரர்களுக்கு உண்மையிலேயே உதவக்கூடிய திட்டம் ஒன்று இருக்கிறது. அரசே நடத்துகிறது, கட்டணம் இல்லை. எஃப்டிஐ-டிடிபி என்கிற விரைவு இமிகிரேஷன் திட்டம். 2024 ஜூனில் டெல்லியில் தொடங்கி, 2025 ஜனவரியில் சென்னை, கொச்சி உட்பட ஏழு விமான நிலையங்களுக்கும், அதே ஆண்டு செப்டம்பரில் திருவனந்தபுரம், திருச்சி, கோழிக்கோடு உள்ளிட்ட ஐந்துக்கும் வந்துவிட்டது. ஒரு முறை பதிந்தால் ஐந்தாண்டு, அல்லது பாஸ்போர்ட் முடியும்வரை, எது முந்தியதோ அதுவரை. போகும்போதும் வரும்போதும் தானியங்கிக் கதவில் பாஸ்போர்ட்டையும் விரலையும் முகத்தையும் காட்டிவிட்டு நடக்கலாம்.

கேரள எல்லையான களியக்காவிளையைத் தாண்டினால் எங்களுக்குத் திருவனந்தபுரம்தான் விமான நிலையம். தூத்தூரிலும் குளச்சலிலும் கருங்கலிலும் வளைகுடாவில் ஆள் இல்லாத தெரு உண்டா? நள்ளிரவில் இரண்டு மூன்று விமானங்கள் ஒன்றாக வந்து இறங்கும்போது, இரண்டாண்டுக்குப் பிறகு பிள்ளையைப் பார்க்க வருகிறவன் இமிகிரேஷன் வரிசையில் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கிறான். அவனுக்காகவே செய்தது போன்ற திட்டம் இது. இதைப் பற்றி அந்த ஏஜென்ட் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் சொல்வார்? இதில் கமிஷன் இல்லை. அரசும் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் ஓர் இணையப் படிவம் வைத்தால் கடமை முடிந்ததா? மார்த்தாண்டம் பஸ் நிலையத்தில் தமிழிலும் மலையாளத்திலும் ஒரு தட்டி வைக்க எவ்வளவு செலவாகும்? பங்கு ஆலயத்திலும் ஜமாஅத்திலும் ஒரு ஞாயிறு, ஒரு வெள்ளி உதவி மேசை போட்டால் ஊரே பதிந்துவிடுமே!

இதுவும் பாதுகாப்புச் சோதனை வரிசையைத் தொடாது. அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். கால் முடியாதவர்களுக்கு டிக்கெட் போடும்போதே விமான நிறுவனத்திடம் சக்கர நாற்காலி கேட்டு எழுதிவிடுங்கள். அம்மா வேண்டாம் என்றார், நானும் வற்புறுத்தவில்லை. அந்த 3,000 ரூபாயைவிட அதுதான் அவரைக் காப்பாற்றியிருக்கும்.

அம்மாவுக்கு இப்போது இந்த விண்ணப்பத்தைப் போட்டிருக்கிறேன். அதிலும் நெஞ்சில் ஒரு முள். அம்மா 30 ஆண்டு, நாங்கள் அண்டி ஆபீஸ் என்று சொல்கிற முந்திரி ஆலையில் கொட்டையின் மேல்தோடு உடைத்தவர். அந்தத் தோட்டின் எண்ணெய் தோலையே அரித்துவிடும். வலது கையில் மூன்று விரல்களில் ரேகை இருந்த இடம் இன்று கண்ணாடி போல் வழவழவென்று இருக்கிறது. ரேஷன் கடைக் கருவியில் விரலைத் துடைத்துத் துடைத்து வைத்தாலும் ஏற்காது, பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள், அம்மா தலையைக் குனிந்துகொள்வார். உழைத்துத் தேய்ந்த விரலை எந்தத் தானியங்கிக் கதவு அடையாளம் காணும்? இந்த மாவட்டத்தில் அப்படி எத்தனை ஆயிரம் பெண்களின் கைகள்! திட்டம் போட்டவர்கள் ஒருவராவது அந்தக் கைகளைப் பார்த்திருப்பார்களா?

அடுத்த மாதம் அவர் திரும்பும் டிக்கெட்டைத் திருவனந்தபுரத்துக்கே போட்டிருக்கிறேன், சக்கர நாற்காலியும் கேட்டுவிட்டேன். ரேகை பதிய இடது கைப் பெருவிரலைத்தான் நம்பியிருக்கிறேன், அதில் கொஞ்சம் கோடு மிச்சமிருக்கிறது. இரவில் படுக்கும்முன் அந்த விரலில் எண்ணெய் தேய்த்துவிடும்படி தங்கையிடம் சொல்லியிருக்கிறேன்.