சங்கம் தொடங்குவதானால் முதலில் ஒரு நோட்டைத் திறப்போம்

போன ஞாயிற்றுக்கிழமை கும்பகோணத்தில் ஒரு மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் இருபது பேர் கூடினோம். கடைக் கட்டடம் வைத்திருப்பவர்கள், நெல் குடோன் வாடகைக்கு விடுபவர்கள், என்னைப் போலத் தரகு பார்ப்பவர்கள். தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை எல்லாம் சேர்த்து வணிகக் கட்டடங்களுக்கென்று ஒரு சங்கம் வேண்டும் என்று பேச்சு. வேண்டியதுதான். வியாபாரிகளுக்குச் சங்கம் இருக்கிறது. மே 5 வந்தால் வணிகர் தினம் என்று கடையடைத்துவிட்டு மாநாட்டுக்குப் போகிறார்கள். அந்தக் கடை இருக்கும் கட்டடத்தைப் பற்றிப் பேசத்தான் ஆள் இல்லை.

ஆனால் மதியம் வரை அடையாள அட்டை, சந்தா, அப்புறம் கமிஷன். எல்லாரும் ஒரே கமிஷன் வாங்க வேண்டும், தெருவுக்குத் தெரு குறைந்தபட்ச வாடகையைச் சங்கமே முடிவு செய்ய வேண்டும் என்றார்கள். நான் எழுந்து வேண்டாம் என்றேன். தொழில் செய்பவர்கள் கூடி விலை பேசி வைப்பதை 2002 போட்டிச் சட்டத்தின் 3ஆவது பிரிவு தடுக்கிறது. சட்டமே இல்லாவிட்டாலும் அது தப்பு. நான் கேட்டது வேறு. எங்கே என்ன வாடகை ஓடுகிறது, எந்தக் கட்டடத்தில் என்ன குறை என்று உள்ளதை உள்ளபடி ஒரு நோட்டில் எழுதி வைப்போமா?

மூன்று வருடம் முன்பு ஒரு பெண்ணுக்குத் தையல் கடைக்கு இடம் பார்த்துக் கொடுத்தேன். 180 சதுர அடி. புது டைல்ஸ், கண்ணாடிக் கதவு, பத்து மாத அட்வான்ஸ். பக்கத்துக் கடை என்ன வாடகை கொடுக்கிறது என்று அந்தப் பெண் கேட்டார். எனக்கே தெரியாது. கட்டட உரிமையாளர் சொன்னதைத்தான் நானும் சொன்னேன். அந்தத் தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது ராத்திரி முழுக்க மழை. காலையில் போய்ப் பார்த்தால் கடைக்குள் முழங்கால் தண்ணீர். தைத்து முடித்த ரவிக்கைகளைப் படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிழிந்துகொண்டிருந்தார். துணியில் குத்தி வைத்த அளவுச் சீட்டுகளில் மை கரைந்து, யாருடையது எது என்று அடையாளம் இல்லை. என்னைப் பார்த்து, "நீங்க பார்த்துதானே அண்ணே சொன்னீங்க" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்தக் கட்டடத்தின் பின்பாதி, மழைத்தண்ணீர் வடிந்து போகும் பழைய வடிவாய்க்கால் மேல் நிற்கிறது. ரோடு மேல் ரோடு போட்டு, கடைத் தரை ஒன்றரை அடி கீழே போய்விட்டது. எதிர் டீக்கடைக்காரருக்கு இது தெரியும். உரிமையாளருக்கும் தெரியும். நில எல்லையையும் வாய்க்காலையும் காட்டும் சர்வே வரைபடமான புலப்படத்தை எடுத்துப் பார்த்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை. இந்த டெல்டாவில் பாசனத்துக்கு ஒரு வாய்க்கால், வடிவதற்கு ஒரு வாய்க்கால் என்று தண்ணீர் போகாத இடமே இல்லை. இங்கே கடை காட்டும் தரகன் தண்ணீர்ப் பாதையைப் பார்க்காமல் கடை காட்டக் கூடாது.

சட்டமும் இப்படித்தான், தெரிந்தவருக்கு மட்டும் தெரியும். 1960 வாடகைச் சட்டம் போய், 2017 சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. ஒப்பந்தத்தை எழுத வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், வேறு உடன்பாடு இல்லையென்றால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. கடைத்தெருவில் இதைச் சொல்லிப் பாருங்கள், அப்படியா என்பார்கள். கோயில் கட்டடம் என்றால் அறநிலையச் சட்டம், நியாய வாடகை என்று கணக்கே வேறு. 2024 அக்டோபர் 10 முதல், ஜிஎஸ்டி பதிவில்லாத உரிமையாளரிடம் கடை எடுத்த பதிவுள்ள வியாபாரியே வாடகைக்கு 18% கட்ட வேண்டும் என்றார்கள். விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் சின்னக் கடைகளுக்கு 2025 ஜனவரியில்தான் விலக்கு வந்தது. இடையில் அந்த மூன்று மாதம், என்னிடம் கடை எடுத்தவர்களுக்கு நான் எதுவும் சொல்லவில்லை. எனக்கே தாமதமாகத்தான் தெரிந்தது. மாதம் ஒரு பக்கம் தமிழில் அச்சடித்து ஒவ்வொரு கடையிலும் கொடுக்க ஒரு சங்கம் இருந்திருந்தால் போதும்.

கூட்டத்தில் இருந்த பெரியவர் ஒருவர், "தம்பி, உள்ள வாடகையை எழுதுனா நாளைக்கு சொத்து வரிய ஏத்திட்டுப் போயிடுவாங்க" என்றார். அவர் பயத்தைத் தள்ளிவிட முடியாது. அதனால்தான் பெயரோ கதவு எண்ணோ வேண்டாம் என்கிறேன். தெரு, சதுர அடி, தரைத்தளமா மாடியா, போன வருடம் வாடகை என்ன, அட்வான்ஸ் என்ன, கடைசியாக எந்த மழைக்குத் தண்ணீர் ஏறியது, இவ்வளவு எழுதினால் போதும். இந்த நோட்டு இருந்தால் புதிதாக வருபவர் ஏமாற மாட்டார். நியாயமாக வாடகை கேட்கும் உரிமையாளரும் பேரத்தில் தலைகுனிந்து நிற்க வேண்டியதில்லை. காலிக் கடையும் சீக்கிரம் போகும், இது என் அனுபவம்.

அன்றைக்கு எதுவும் முடிவாகவில்லை. நான்கு பேர் மட்டும் வெளியே வந்து, நாங்கள் தருகிறோம், நீ எழுது என்றார்கள். திங்கட்கிழமை ஒரு நீளநோட்டு வாங்கினேன். முதல் வரியில் அந்தத் தையல் கடையை எழுதியிருக்கிறேன்: தரைத்தளம், 180 சதுர அடி, ரோட்டுக்கு ஒன்றரை அடி கீழே, பின்பாதிக்கு அடியில் வடிவாய்க்கால்.